வேருக்கு ஒன்று, நுனிக்கு ஒன்று

முடியின் தடிமன் பாதியானால் அதன் விறைப்பும் பாதியாகும் என்றுதான் நினைக்கத் தோன்றும். கணக்கு அப்படி இல்லை. உருண்டையான எந்த இழைக்கும் வளையாமல் நிற்கும் திறன் அதன் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. 100 மைக்ரான் தடிமனுள்ள முடிக்குப் பக்கத்தில் 50 மைக்ரான் முடியை வைத்தால், மெல்லியதன் விறைப்பு பதினாறில் ஒரு பங்குதான். காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வேலைக்குப் போகிறவரின் முடி மாலைக்குள் மண்டையோடு படிந்துவிடுவதற்கு முதல் காரணம் இந்த நான்காம் படி. எண்ணெய் அதற்கு அடுத்துதான் வருகிறது.

அருகருகே கிடக்கும் இரண்டு முடிகளுக்கு நடுவில் துளி எண்ணெய் புகுந்தால் போதும், திரவத்தின் பரப்பு இழுவிசை இரண்டையும் சேர்த்து இழுக்கும். தடித்த முடி அந்த இழுப்பை எதிர்த்து விலகி நிற்கும். மெல்லிய முடியால் முடியாது. இணைந்து, பக்கத்து முடியையும் சேர்த்துக்கொண்டு, பிசுபிசுவென்று கற்றை கற்றையாகிவிடும். இடையே மண்டைத்தோல் தெரியும். முடி கொட்டாமலே வழுக்கை விழுந்தது போல ஒரு தோற்றம் வரும். இதைப் பார்த்துப் பயந்து முடி வளரும் தைலங்களை வாங்கித் தேய்த்து, இன்னும் எண்ணெய் ஏற்றிக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்குத் தேவைப்பட்டது சரியான ஒரு ஷாம்பூ மட்டுமே.

இந்தத் தலையில் நரைக்காகச் சாயமும் ஏறிவிட்டால் சிக்கல் இரட்டிப்பாகிறது. எண்ணெய்த் தலைக்கு நன்றாகச் சுத்தம் செய்யும் ஷாம்பூ வேண்டும் என்கிறார்கள். டை அடித்த முடிக்கு மென்மையான ஷாம்பூ வேண்டும் என்கிறார்கள். மெல்லிய முடிக்குப் பாரமில்லாத ஷாம்பூ வேண்டும். கடை அடுக்கில் மூன்றுக்கும் மூன்று பாட்டில் இருக்கிறது, தலை ஒன்றுதான். எதை எடுப்பது என்று கேட்டால் என் பதில் பெரும்பாலும் கேட்டவருக்கு வியப்பாக இருக்கும்: ‘நிறமூட்டிய கூந்தலுக்கு’ என்று எழுதியிருப்பதை விட்டுவிட்டு, எண்ணெய்த் தலைக்கானதை எடுங்கள். ஏன் என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

எண்ணெயிலிருந்து தொடங்கலாம். முடி முளைக்கும் ஒவ்வொரு குழியோடும் ஒட்டி ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. முகத்திலும் தலையிலும் சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை இருக்கும். அவை சுரப்பது சீபம்: டிரைகிளிசரைடுகள், மெழுகு எஸ்டர்கள், ஸ்குவாலீன் ஆகியவற்றின் கலவை. உடல் சூட்டில் அது திரவமாகவே இருப்பதால் முடி வழியாக எளிதில் இறங்கும். சுருள் முடியைவிட நேரான முடியில் வேகமாக இறங்கும். எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை ஆண்ட்ரோஜென் வகை ஹார்மோன்கள். பூப்பெய்தும் வயதில் பெருகும் சுரப்பு, பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் குறைகிறது. ஆண்களுக்கு முதுமைவரை அவ்வளவாகக் குறைவதில்லை. நாற்பதை ஒட்டி நரைக்கு டை போடத் தொடங்கும்போது சுரப்பி இன்னும் முழுவேகத்தில்தான் இயங்கிக்கொண்டிருக்கும். எண்ணெயும் சாயமும் ஒரே தலையில் சந்திப்பது இதனால்தான்.

‘அடிக்கடி தலைக்குக் குளித்தால் தோல் வறண்டு, அதை ஈடுகட்ட இன்னும் அதிகமாக எண்ணெய் சுரக்கும்’ என்று பார்லரிலும் சொல்வார்கள், வீட்டுப் பெரியவர்களும் சொல்வார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் மேற்பரப்பில் எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்பது சுரப்பிக்குத் தெரியவே தெரியாது. அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் ஆல்பர்ட் கிளிக்மனும் வால்ட்டர் ஷெல்லியும் 1958இல் வெளியிட்ட ஆய்விலேயே இந்தக் கருத்தை மறுத்துவிட்டார்கள். துடைத்தாலும் துடைக்காவிட்டாலும் சுரப்பி தன் வேகத்தில் சுரந்துகொண்டே இருக்கும். துடைத்த தோலில் புதிதாக வருவது கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் குளித்துத் தலையைப் பழக்கிவிடலாம் என்ற யோசனைக்கு உடலியலில் இடமில்லை. எண்ணெய்த் தலைக்காரர் ஒருநாள் விட்டு ஒருநாள் அலசலாம். வெயில் காலத்தில் வியர்த்துப் போனால் தினமும் அலசினாலும் தோலுக்குக் கெடுதல் இல்லை. சாயத்துக்குத்தான் அதில் ஒரு விலை உண்டு. அதை அடுத்துப் பார்ப்போம்.

இன்று கடையில் கிடைக்கும் நிரந்தரச் சாயங்கள் பெரும்பாலும் ஒரே வேதியியலைச் சார்ந்தவை. பாரா-ஃபினைலீன்டயமின் என்ற சேர்மம், சுருக்கமாகப் பிபிடி. அதைத் தலைமுடிச் சாயமாகப் பயன்படுத்தும் வழிக்கு 1883இல் பிரான்ஸில் காப்புரிமை பெறப்பட்டது. 1909இல் பாரிஸில் யூஜின் ஷ்யூலர் தொடங்கிய சாய நிறுவனம்தான் பின்னாளில் லோரியால் ஆனது. பிபிடி சின்ன மூலக்கூறு, தானாக நிறமும் இல்லாதது. அம்மோனியா போன்ற காரம் முடியை உப்பவைத்து வழி திறக்கும். பிபிடியும் ரிசார்சினால் போன்ற துணைச் சேர்மங்களும் உள்ளே நுழையும். கூடவே வரும் ஹைட்ரஜன் பெராக்சைடு இவற்றை ஆக்சிஜனேற்றி ஒன்றோடொன்று பிணைக்கும். நுழைந்தபோது சின்னதாக இருந்தது உள்ளே பெரிய நிற மூலக்கூறாக வளர்ந்துவிடுவதால், வந்த வழியாக வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்கிறது. நூற்றாண்டுக்கு மேலாகியும் இதைவிட உறுதியான வழி வேறொன்று பரவலாகவில்லை.

அந்த உறுதிக்காக முடி கொடுப்பது அதிகம். முடியின் புறத்தில் செதில்கள் நாட்டு ஓடு வேய்ந்த கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வேரிலிருந்து நுனியை நோக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. மேல் செதிலின்மீது மிக மெல்லிய ஒரு கொழுப்புப் படலம் உண்டு. 18-மெத்தில் ஐகோசனாயிக் அமிலம் என்பது அதன் பெயர். ஆய்வாளர்கள் 18-எம்இஏ என்று சுருக்குவார்கள். இது மேலே பூசிய எண்ணெய் அல்ல. புரதத்தோடு வேதிப்பிணைப்பால் இணைந்தது, சாதாரண ஷாம்பூவால் போகாதது. பிறந்ததிலிருந்து முடிக்கு இருக்கும் வழவழப்பும், தண்ணீர் ஒட்டாத தன்மையும் இதனால்தான். காரமும் பெராக்சைடும் சேர்ந்தால் அந்தப் பிணைப்பு அறுந்துபோகும். முதல் சாயத்திலேயே கணிசமான பகுதி போய்விடும்; போனது திரும்ப முளைக்காது. அதோடு கெரட்டினில் உள்ள கந்தகப் பாலங்கள் சில உடைந்து சிஸ்டெயிக் அமிலமாக மாறும். அந்த இடங்களில் எதிர்மின்சுமை ஏறும். தண்ணீரை விலக்கிய முடி, அதன்பிறகு தண்ணீரைக் குடிக்கும் முடியாகிவிடுகிறது.

மெல்லிய முடிக்காரர்களுக்கு இதில் ஒரு சின்ன நன்மையும் உண்டு. செதில்கள் கொஞ்சம் சொரசொரப்பாவதால் முடிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் சற்று விலகி நிற்கும். டை அடித்த வாரம் முடி அடர்த்தியாகத் தெரிகிறது என்று பலர் சொல்வது வெறும் பிரமை அல்ல. பிறகு வாங்கும் ஷாம்பூ அந்த அடர்த்தியைக் காப்பாற்றவும் செய்யலாம், அழிக்கவும் செய்யலாம்.

கறுப்பு முடிக்காரர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். சாயத்தில் உள்ள பெராக்சைடு நரைக்காத முடியின் இயற்கை நிறமியையும் கொஞ்சம் வெளுக்கச் செய்கிறது. சில வாரங்களில் மேலே ஏறிய சாயம் இறங்க, அடியில் வெளுத்த நிறமியின் செம்மை வெளியே தெரியும். வெயிலில் நிற்கும்போது தெரியும் அந்தச் செம்பட்டையைப் பார்த்து ‘ஷாம்பூ நிறத்தை எடுத்துவிட்டது’ என்கிறோம். எந்த ஷாம்பூவாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. நரை தெரியும் வேர்ப்பகுதிக்கு மட்டும் டை அடித்து, பழைய நீளத்தை விட்டுவிட்டாலே இந்தச் சேதத்தில் பாதிக்கு மேல் தவிர்த்துவிடலாம் என்பது என் எண்ணம். பார்லரில் அதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் நுனிவரை பூசிவிடுவார்கள்.

சாயத்தைக் கழுவிக்கொண்டு போவது எது? சல்பேட் என்று எல்லோரும் சொல்வோம். ‘சல்பேட் இல்லாதது’ என்ற எழுத்துக்காகவே இரண்டு மடங்கு விலை கொடுக்கிறோம். சாயமேற்றிய முடிக்கற்றைகளை ஆய்வகத்தில் வெறும் தண்ணீரிலும் வெவ்வேறு ஷாம்பூக்களிலும் திரும்பத் திரும்ப அலசி அளந்தவர்கள் கண்டது வேறு. நிறம் இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீருடையது. நனைந்த முடி பக்கவாட்டில் 14 முதல் 16 விழுக்காடு வரை உப்புகிறது. செதில்களுக்கு இடையே வழி அகலமாகிறது. முழுதாகப் பிணையாத சாய மூலக்கூறுகள் தண்ணீரோடு வெளியே கசிகின்றன. ஏற்கனவே 18-எம்இஏ இழந்த முடியில் தண்ணீர் இன்னும் வேகமாகப் புகும். ஷாம்பூக்களுக்குள் வேறுபாடு இல்லாமல் இல்லை. ஆனால் தண்ணீர் செய்வதன்மேல் அது சேர்க்கும் பங்கு நாம் பயப்படும் அளவுக்கு இல்லை.

மெல்லிய முடிக்கு இங்கே ஓர் இழப்பு கூடுகிறது. தடிமன் பாதியானால் அதே எடை முடியின் மொத்தப் பரப்பு இரண்டு மடங்காகிறது. சாயம் மேற்பரப்புக்கு வர நகரவேண்டிய தூரமும் குறைகிறது. மெல்லிய முடியில் நிறம் சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் போகும். இதற்கு மருந்து பாட்டிலில் இல்லை. முடி நனைந்திருக்கும் நேரத்தைக் குறைப்பதும், வெந்நீரை விட்டு ஆறின நீருக்கு மாறுவதும்தான் வழி. கீசர் தண்ணீரைத் தலைக்கு ஊற்றிக்கொண்டு விலை உயர்ந்த ஷாம்பூ வாங்குவதில் பயனில்லை. ஷாம்பூ நுரையைத் தலையில் வைத்துக்கொண்டே உடம்புக்குச் சோப்பு போட்டு முடிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். அந்த ஐந்து நிமிடமும் முடி ஊறிக்கொண்டுதான் இருக்கிறது.

சல்பேட்டுக்கு வருவோம். ஷாம்பூவில் அழுக்கெடுக்கும் பொருள்களுக்கு ஒரு முனை எண்ணெயோடும் மறுமுனை தண்ணீரோடும் சேரும். போதிய அளவு சேர்ந்ததும் அவை உருண்டையாகத் திரண்டு எண்ணெயை நடுவில் அடக்கி, தண்ணீரோடு வெளியேறும். சோடியம் லாரில் சல்பேட் இவற்றில் கடுமையானது. தோலின் புரதத்தோடும் ஒட்டி எரிச்சல் தரக்கூடியது. அதன் சங்கிலியில் எத்திலீன் ஆக்சைடைச் சேர்த்து உருவாக்கிய சோடியம் லாரெத் சல்பேட் அதைவிட மென்மை. நம் கடைகளில் உள்ள ஷாம்பூக்களில் பெரும்பாலானவற்றின் அடிப்படை இதுதான். இதோடு கோகமிடோபுரோப்பில் பீட்டெயின் சேர்த்தால் இரண்டும் கலந்த உருண்டைகள் உருவாகி, எரிச்சல் இன்னும் குறையும். எண்ணெய்த் தலைக்கு நான் தயங்காமல் சொல்லக்கூடிய கூட்டணி இது. மறுபக்கம், ‘சல்பேட் இல்லாதது’ என்ற பெயரில் வரும் சில பாட்டில்களைத் திருப்பிப் பார்த்தால் சோடியம் சி14-16 ஓலிஃபின் சல்பொனேட் முதலிடத்தில் இருக்கும். பெயரில் சல்பேட் இல்லை. எண்ணெயை எடுக்கும் வேகத்தில் லாரெத் சல்பேட்டுக்குச் சளைத்ததும் இல்லை. டெசில் குளூக்கோசைடு, சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் போன்றவை உண்மையிலேயே மென்மையானவை. ஆனால் எண்ணெய் வழியும் தலையில் அவை மட்டும் இருக்கும் ஷாம்பூ ஒருமுறை தேய்த்தால் போதாமல், இரண்டு மூன்று முறை தேய்க்கவைக்கும். நனையும் நேரம் கூடும். சாயத்தைக் காக்க வாங்கியதே சாயத்தைக் கரைக்கும்.

‘நிறமூட்டிய கூந்தலுக்கு’ என்று விற்கும் ஷாம்பூவை ஏன் வேண்டாம் என்றேன்? அந்தப் பாட்டில்கள் தயாரிக்கப்படுவது சாயத்தால் காய்ந்து முரடான, தடித்த முடியை மனத்தில் வைத்துத்தான். அழுக்கெடுப்பதோடு முடிமேல் ஒரு பூச்சையும் விட்டுச் செல்ல வேண்டும் என்பது அவற்றின் நோக்கம். பூச்சு எப்படி ஏறுகிறது என்பது ஷாம்பூ வேதியியலிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஷாம்பூவில் நேர்மின்சுமை கொண்ட நீண்ட பாலிமர் ஒன்று கரைந்திருக்கும். பட்டியலில் பாலிகுவாட்டர்னியம்-10 என்றோ, குவார் ஹைட்ராக்ஸிபுரோப்பில்டிரைமோனியம் குளோரைடு என்றோ இருக்கும். இரண்டாவதன் மூலப்பொருள் நாம் பொரியலுக்கு நறுக்கும் கொத்தவரங்காய்தான். முற்றிய கொத்தவரை விதையின் பசைக்கு நேர்மின்சுமை ஏற்றி இதைத் தயாரிக்கிறார்கள். உலகுக்கு வேண்டிய கொத்தவரை விதையில் மிகப் பெரும்பகுதி ராஜஸ்தானை மையமாகக் கொண்ட இந்திய வயல்களில் விளைகிறது. பாட்டிலுக்குள் இருக்கும்போது அழுக்கெடுக்கும் பொருளின் செறிவு மிகுந்திருப்பதால் பாலிமர் கரைந்தே கிடக்கும். நுரையை அலசத் தண்ணீர் ஊற்றியதும் செறிவு சட்டென்று குறையும். அந்தக் கணத்தில் பாலிமரும் எதிர்மின்சுமையுள்ள அழுக்கெடுக்கும் பொருளும் சேர்ந்து, கரையாத கொழகொழப்பாகப் பிரிந்து முடிமேல் படியும். கூடவே டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் துளிகளையும் இழுத்துவந்து ஒட்டவைக்கும். அலசுவதுதான் பூச்சை ஏற்றுகிறது. டை அடித்த முடியில் எதிர்மின்சுமை கூடுதலாக இருப்பதால் அங்கே இன்னும் அதிகமாகப் படிகிறது.

தடித்த, காய்ந்த முடிக்கு இது வரம். மெல்லிய முடியில் வேர்வரை ஏறும் அந்தப் பூச்சு, வழுவழுப்பையும் பாரத்தையும் கூட்டி, சாயம் தந்த சொரசொரப்பையும் மூடிவிடும். மாலைக்குள் சீபமும் வந்து சேர்ந்துகொள்ளும். ‘கலர் ஷாம்பூ போட்டதிலிருந்து முடி எண்ணெய் வடிகிறது’ என்று புலம்புபவரின் தலையில் உண்மையில் எண்ணெய் கூடவில்லை. படிவுதான் கூடியிருக்கிறது.

இங்கே ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் தேர்வு சுலபமாகிவிடும். நம் தலையில் இருப்பது ஒரு பொருள் அல்ல, இரண்டு. அடியில் உயிருள்ள தோல். அதற்குத்தான் எண்ணெயும் வியர்வையும். மேலே உயிரற்ற நார். அதற்குத்தான் சாயமும் சேதமும். தோள்வரை தொங்கும் முடியின் நுனிக்கு இரண்டு வயதுக்கு மேலாகிறது, எத்தனையோ முறை டை கண்டிருக்கும். வேரில் அரை அங்குலம் அண்மையில் வந்தது. ஷாம்பூவைத் தோலுக்காக வாங்குங்கள், கண்டிஷனரை நாருக்காக வாங்குங்கள். எண்ணெய்த் தலைக்கான தெளிவான ஷாம்பூவைத் தோலில் மட்டும் விரல் நுனியால் தேய்த்தால், அலசும்போது வழிந்து இறங்கும் நுரையே நீளத்துக்குப் போதும். பிறகு கண்டிஷனரைக் காதுமட்டத்துக்குக் கீழே, பழைய முடியில் மட்டும் தடவி ஒரு நிமிடத்தில் அலசிவிடலாம். பட்டியலில் அமோடைமெத்திகோன் இருந்தால் நல்லது. அது நேர்மின்சுமை கொண்ட சிலிக்கோன். சேதமான இடங்களைத் தேடிப்பிடித்து ஒட்டும், நல்ல இடத்தில் அவ்வளவாகச் சேராது. குட்டையாகக் கத்தரித்த தலைக்காரர்களுக்குக் கண்டிஷனரே தேவைப்படாமல் போகலாம்.

அமிலத்தன்மையைப் பற்றியும் பார்க்க வேண்டும். மண்டைத்தோலின் பிஎச் சுமார் 5.5. முடியின் மின்சுமை சமனாகும் புள்ளி அதைவிடக் கீழே, 3.67. அதைவிடக் காரம் ஏற ஏற முடிமேல் எதிர்மின்சுமை கூடும், செதில்கள் விலகும், உராய்வு வளரும், உடைப்பு வரும். பிரேசில் ஆய்வாளர்கள் 123 ஷாம்பூக்களின் பிஎச்சை அளந்து 2014இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்டார்கள்.  அளந்தவற்றில் 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தவை 38 விழுக்காடு மட்டுமே. சில 9வரை போயிருந்தன. இந்தியப் பாட்டில்களில் பிஎச் அபூர்வமாகவே அச்சாகிறது. வண்ணமீன் விற்கும் கடையிலோ, ஆய்வகப் பொருள் விற்கும் கடையிலோ பிஎச் தாள் கிடைக்கும். ஒரு பங்கு ஷாம்பூவை ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீரில் கலந்து தாளை நனைத்தால் வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். சாயமேற்றிய மெல்லிய முடிக்கு, சல்பேட் உண்டா இல்லையா என்பதைவிட இந்த எண்ணுக்கு நான் அதிக மதிப்புத் தருவேன். குளியல் சோப்பின் பிஎச் 9 முதல் 10. டை அடித்த தலைக்குச் சோப்பு போடுகிற வழக்கம் இன்றும் ஆண்களிடம் உண்டு. அதை இன்றே நிறுத்தச் சொல்வேன்.

சோப்பு கெடுப்பது காரத்தால் மட்டும் அல்ல. சென்னையின் புறநகரிலும் வேறு பல ஊர்களிலும் குழாயில் வருவது போர்வெல் தண்ணீர். அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகி முடியில் ஒட்டும். ஷாம்பூவில் அந்தத் தொல்லை மிகவும் குறைவு. ஆனாலும் சாயத்தால் எதிர்மின்சுமை ஏறிய முடி, கால்சியத்தைத் தானே ஈர்த்துச் சேர்த்துக்கொள்ளும். மெல்லிய முடியில் அதுவும் விறைத்த சொரசொரப்பாகத் தெரியும். பட்டியலில் டைசோடியம் இடிடிஏ அல்லது டெட்ராசோடியம் இடிடிஏ உள்ள ஷாம்பூ இந்த உலோக அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் கடைசி ஒரு சொம்பு மட்டுமாவது கேன் தண்ணீரையோ மழைநீரையோ ஊற்றிக்கொண்டால் வித்தியாசம் கையில் தெரியும்.

பட்டியலைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன். அளவில் அதிகமானது முதலில், குறைவானது பின்னால் என்ற வரிசையில்தான் எழுதுவார்கள். 1 விழுக்காட்டுக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபினாக்சிஎத்தனால் என்ற பதப்படுத்தியை ஐரோப்பிய விதிப்படி 1 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கக் கூடாது. பட்டியலில் அந்தப் பெயருக்குப் பின்னால் வருபவை அநேகமாக அதற்கும் குறைவு. முன்பக்கத்தில் பெரிதாகப் படம் போட்ட பாதாம், செம்பருத்தி, ஆர்கன் எண்ணெய் எல்லாம் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் நிற்கும். நீங்கள் பார்க்கவேண்டியவை முதல் ஐந்து பெயர்களும், டைமெத்திகோன், பாலிகுவாட்டர்னியம், குவார் ஆகியவை எவ்வளவு முன்னால் வருகின்றன என்பதும். ஷாம்பூ ஒளி ஊடுருவும் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் கரையாத சிலிக்கோன் துளிகள் அதில் அதிகம் இருக்க வாய்ப்பில்லை. முத்துப்போல் பளபளக்கும் பாலேடான ஷாம்பூவை மெல்லிய முடிக்காரர் சந்தேகத்தோடு பார்க்கலாம்.

சீயக்காயும் அரப்பும் போதாதா என்று கேட்பீர்கள். சீயக்காயில் சப்போனின் உண்டு. அதுவும் அழுக்கெடுக்கும் பொருள்தான். கரைசல் லேசான அமிலத்தன்மை உள்ளது. அந்த வகையில் சோப்பைவிடப் பல மடங்கு மேல். அரப்பு இலைத்தூள் எண்ணெயை நன்றாகவே எடுக்கும். சாயமேற்றிய முடிக்கு ஆகாதது, தூளைக் குழைத்து முடியோடு சேர்த்துத் தேய்ப்பது. உப்பி, செதில் விலகி நிற்கும் ஈர முடியில் அந்தக் கரடுமுரடான துகள்கள் உராய்வது மெல்லிய இழையை அரிக்கும். சீயக்காயை ஊறவைத்துக் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டிய தெளிநீரைத் தோலில் மட்டும் ஊற்றித் தேய்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘சீயக்காய் ஷாம்பூ’ என்று விற்பது வேறு விஷயம். பட்டியலைப் பார்த்தால் முதலிடத்தில் லாரெத் சல்பேட்தான் இருக்கும்.

தேங்காய் எண்ணெய்க்கு ஆதரவாகவும் அறிவியல் இருக்கிறது. மும்பையில் ஆர்த்தி ரேலேயும் ஆர்.பி. மோஹிலேயும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், குளிக்கும் முன் தடவிய தேங்காய் எண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைத்தது. சூரியகாந்தி எண்ணெயும் தாது எண்ணெயும் குறைக்கவில்லை. லாரிக் அமிலத்தின் சிறிய நேரான மூலக்கூறு முடிக்குள்ளேயே புகுவதால் உப்புவது குறைகிறது. எண்ணெய்த் தலைக்காரர் இதைப் பயன்படுத்தவேண்டிய இடம் நுனி மட்டும். சில துளி, குளிக்க அரைமணி முன்பு. தோலில் ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டாம். அங்கே வாழும் மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பைத் தின்றுதான் பெருகும். பொடுகு இருப்பவருக்கு அது விருந்து.

பொடுகு ஷாம்பூவைப் பற்றி ஒரு வார்த்தை. செலினியம் சல்ஃபைடு உள்ளவை சாயமேற்றிய முடியின் நிறத்தை மாற்றக்கூடியவை. டை அடிப்பவர் கீட்டோகோனசோல் உள்ளதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மருதாணி மட்டும் போடுபவர்களுக்கு இந்தச் சாயக் கவலையே இல்லை. மருதாணியின் லாசோன் கெரட்டினோடு நேரடியாகப் பிணைவதால், எந்த ஷாம்பூவுக்கும் எளிதில் அசையாது.

எத்தனை படித்தாலும் கடைசியில் தலையில் போட்டுப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு வசதி அதிகம். கடலூரில் சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்து, 1983இல் அவர் மகன் சி.கே. ரங்கநாதன் சிக் ஷாம்பூவின் வழியாகப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசென்ற பாக்கெட் ஷாம்பூ இன்றும் எல்லாப் பெட்டிக்கடையிலும் தொங்குகிறது. ஷாம்பூ நிறுவனங்களே செய்யும் அரைத்தலைச் சோதனையை வீட்டிலும் செய்யலாம்: நடு வகிடு எடுத்து, இடப்பக்கம் ஒரு பாக்கெட், வலப்பக்கம் இன்னொன்று, இரண்டுக்கும் ஒரே தண்ணீர், ஒரே நேரம். மறுநாள் மாலை கண்ணாடியில் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். விரல்களால் வேரைத் தூக்கி எது முதலில் விழுகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று குளியல் இப்படிச் செய்தால் படிவு எந்தப் பக்கம் ஏறுகிறது என்பது தெரிந்துவிடும்.

தலை அரிப்பதற்கும், காதோரம் சிவந்து தடிப்பதற்கும் ஷாம்பூவை மாற்றிக்கொண்டே இருப்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது: கடைசியாக டை போட்டது எப்போது? பிபிடி ஒவ்வாமை உடனே காட்டாது. ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் அரிப்பும் வீக்கமும் வரும், அதற்குள் தலைக்கு ஊற்றியிருப்பதால் பழி ஷாம்பூமேல் விழும். பல வருடம் ஒத்துக்கொண்ட டை ஒருநாள் திடீரென்று ஒத்துக்கொள்ளாமலும் போகும். தலையில் பூசும் கலவையில் இருக்கக்கூடிய பிபிடிக்கு ஐரோப்பா 2 விழுக்காடு என்று வரம்பு வைத்திருப்பது இந்தக் காரணத்தால்தான். ஒவ்வொரு முறையும் 48 மணி நேரம் முன்பே முழங்கை மடிப்பில் துளி தடவிப் பாருங்கள். அரிப்பு வந்தால் அந்த டையை அப்போதே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். ‘கறுப்பு மருதாணி’ என்று விற்கும் பொடிக்கு மாறுவதற்கு முன் அதன் பட்டியலையும் படியுங்கள். கலந்தவுடன் கறுப்பாகச் சாயம் ஏற்றும் பல பொட்டலங்களில் இருப்பதும் அதே பிபிடிதான். வெறும் மருதாணி இலை ஒருபோதும் கறுப்பு தராது, செம்பழுப்புதான் தரும்.